முன்வாசல் வழியாகப் போன நைனா

செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில், வண்டிகளுக்குப் போகும் ஒயர்க் கட்டுகளைச் சரிபார்ப்பது என் வேலை. உள்ளே போகும்போது செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, காலை ஆறரைக்கே உயிர் போயிருக்கிறது. எனக்குத் தெரிந்தது பதினொரு மணிக்கு. சூப்பர்வைசர் பையன் வந்து, "அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க" என்றான். அவன் குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. சண்டை பாதியில் இருக்கும்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போன ஆள்மேல் வருமே, அந்தக் கோபம்.

நாகலாபுரத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். திருப்பதியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பழைய கார் வைத்திருப்பவர்கள் வந்திருந்தீர்கள். அவர் உடம்பு கூடத்தில் கிடந்தது. அவருடைய கறுப்பு அம்பாசிடரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துத் துடைத்து நிறுத்தியிருந்தீர்கள். வந்த மாலைகளில் பெரியதை யாரோ காருக்குப் போட்டிருந்தார்கள். அதைக் கழற்றி நான் அவர் மேல் போட்டேன். இரண்டு பேர் முகம் சுளித்தீர்கள். அந்த இரண்டு பேரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும்.

"ரத்னம் அண்ணா மாதிரி மனுசன் இனிமே பொறக்கணும்" என்று ஒருவர் சொன்னார். "அவர் பத்தி ஒரு நினைவு மலர் போடறோம். ஒரே பொண்ணு நீதான் முதல்ல எழுதணும்" என்று இன்னொருவர் சொன்னார். எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். பாலில் சர்க்கரை போட்டுத் தருவேன் என்று நினைத்திருந்தால் அது உங்கள் தப்பு.

உங்களுக்குத் தெரிந்த முனிரத்தினம் நாகலாபுரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவர். எந்த எஞ்சினையும் காதால் கேட்டே நோய் சொல்லுவார். "சத்தம் வந்தா பயப்படாத. சத்தம் வராத வண்டிதான் ஆளைக் கவுக்கும்" என்பார். அந்த வாசகத்தை நீங்கள் அட்டையில் போடப்போவதாகக் கேள்வி. அது உண்மைதான். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் வராத வண்டி அவர்தான்.

அந்தக் காரின் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நாகலாபுரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். அங்கே பெரிய வீடு என்று ஒன்று. என் தாத்தா அந்த வீட்டு நிலத்தில் கூலி. கார் அந்த வீட்டுடையது. தாத்தா அதை வாரத்துக்கு ஒருநாள் கழுவியிருக்கிறார். சேற்றில் மாட்டினால் தள்ளியிருக்கிறார். உள்ளே ஒருநாளும் ஏறியதில்லை. அந்த வீட்டுக்குள் போவதென்றாலும் பின்பக்கத்து வழிதான். விசேஷ நாளில் மாட்டுக்கொட்டகையில் இலை போடுவார்கள். பிறகு அவர்கள் புது கார் வாங்கினார்கள். அம்பாசிடரைப் புளியமரத்தடியில் தள்ளிவிட்டார்கள். பின்சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தபோது நைனா போய்க் கேட்டார். "எத்துக்கினு போடா" என்றாராம் அந்த வீட்டுப் பெரியவர். நாலு வருஷம் எடுத்தது அதை ஓட வைக்க. நான் பிறந்ததும் அந்த நாலு வருஷத்துக்குள்தான். எங்கள் இருவரில் யார்மேல் அதிகம் கை வைத்தார் என்று அம்மாவைக் கேட்டால் சிரிப்பாள்.

காரில் எதுவும் துன்னக் கூடாது. கதவை அறையக் கூடாது. அம்மாவும் நானும் பின்சீட்டில் துண்டு விரித்து அதன்மேல்தான் உட்கார வேண்டும். சித்தூரில் நீங்கள் ஒரு பழைய கார் ஊர்வலம் நடத்தினீர்கள், நினைவிருக்கிறதா? நைனாவுக்குக் கோப்பை கொடுத்தீர்கள். டிவிக்காரர் ஒருவர் மைக்கை நீட்டி, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நைனா காரின் பானட்டில் தட்டி, "ரெண்டு பொண்ணு. இது பெரியது" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். சின்னது பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தது.

இதெல்லாம் சில்லறைக் கோபம். இப்போது பெரியதைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினேழு வயது. இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, நல்ல ரேங்க் வாங்கியிருந்தேன். எங்கள் தெருவில் யாரும் வாங்காத ரேங்க். திருப்பதியில் கவுன்சிலிங். காலை பத்து மணிக்குள் சான்றிதழ்களோடு அங்கே இருக்க வேண்டும். ஐந்தேமுக்கால் பஸ்ஸில் போய்விடுகிறேன் என்று சொன்னேன். நைனா ஒத்துக்கொள்ளவில்லை. "எம் பொண்ணு இன்ஜினியர் சீட்டு வாங்கப் போவுது. பஸ்ல தொங்கிக்கினு போவுமா? நானே கார்ல இட்டுகினு போயி வாசல்ல எறக்கறேன்" என்றார். டயருக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம்கூட முந்தின நாளே வாங்கி வைத்தார். காலை ஐந்து மணிக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று ஷெட்டுக்குப் போனார்.

ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். ஐந்தேமுக்கால் பஸ் போனது. ஆறரை பஸ் போனது. ஏழேகால் பஸ்ஸும் போனது. அம்மா ஷெட்டுக்கு ஓடிப் பார்த்தாள், பூட்டியிருந்தது. எட்டு மணி பஸ்ஸிலாவது ஏறியிருக்கலாம். ஓடிப்போய்க் கெஞ்சியிருக்கலாம். நான் ஏறவில்லை. நைனா வருவார் என்று உட்கார்ந்திருந்தேன். அந்த முட்டாள்தனம் என்னுடையது, அதை யார் தலையிலும் கட்டவில்லை. பன்னிரண்டு மணிக்கு வந்தார். கை முழுக்க கிரீஸ். "புத்தூராண்ட வண்டி நின்னுபோச்சும்மா" என்று சொல்லிவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போனார். அவ்வளவுதான். காற்றுப் பிடிக்கப் போனவர் புத்தூருக்கு ஏன் போனார் என்று அன்றைக்குக் கேட்கும் புத்தி எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

தவறவிட்டவர்கள் கடைசி நாளில் வந்து மிச்சம் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மிச்சமிருந்தது கடப்பா தாண்டி ஏதோ ஒரு கல்லூரி. அவ்வளவு தூரம் பெண்பிள்ளையை அனுப்ப முடியாது என்று நைனாதான் சொன்னார். புத்தூரில் ஒரு டிகிரி படித்தேன். இன்றைக்கு லைனில் எனக்கு அடுத்த மேஜையில் இருக்கும் இன்ஜினியர் பையன் என்னைவிடப் பத்து வயது சின்னவன். எனக்குத் தெரிந்ததையே எனக்கு விளக்குவான். நல்ல பையன். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பதினெட்டு வருஷம் நைனாவோடு தேவைக்கு மட்டும் பேசினேன். அவரிடம் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. தப்பு என்னுது என்று ஒருமுறை சொன்னால் போதும். பழைய காரை நம்பினது தப்பு, பஸ்ஸில் அனுப்பாதது தப்பு, எதையாவது சொல்லட்டும். அவர் சொல்லவில்லை. அந்த நாளைப் பற்றி நான் வாயெடுத்தால் எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுவார். அம்மா, "வுடுடி, போனது போச்சு" என்பாள். எனக்குப் போகவில்லை.

அதனால்தான் கூடாரம் போட்டேன். சிரிக்காதீர்கள். என்னோடு வேலை செய்யும் சென்னைப் பெண்கள் சனி ஞாயிறில் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் போவார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் தோன்றியது இதுதான்: ஷெட் இல்லாத இடம், எழுந்து போக முடியாத இடம். இந்த வருஷம் பொங்கல் முடிந்த வாரம் நைனாவிடம் சொன்னேன். "சொந்த வூடு இருக்கறப்ப துணிக்குள்ள போயி படுக்கறதுக்கு நான் இன்னா சர்க்கஸ்காரனா?" என்றார். வராவிட்டால் போங்கள் என்று திரும்பினேன். "கார்ல போறதுன்னா வரேன்" என்றார் பின்னாலிருந்து.

பிச்சாட்டூர் அணைக்கட்டு ஓரம் தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பு. அங்கே போவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்துப் புகை கிளம்பியது. நைனா ரோட்டோரம் குந்திக்கொண்டார். போகிற வருகிறவர்கள் எல்லாம் பைக்கை நிறுத்திக் காரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு ஒரே குஷி. ஒவ்வொருவருக்கும் பானட்டைத் தூக்கிக் காட்டி, தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றி விளக்கம் சொன்னார். "பாத்தியா, உன் ஆபீஸ்ல இதுமாரி யாராவது நிப்பாங்களா?" என்று என்னைக் கேட்டார். "எங்க ஆபீஸ்ல வண்டி நிக்காது நைனா" என்றேன்.

கூடாரத்தை நான்தான் கட்டினேன். அவர் மாமரத்தில் சாய்ந்துகொண்டு குறை சொன்னார். கம்பி வளைகிறதாம், துணி மெல்லிசாம், இதைக் கண்டுபிடித்தவன் வீட்டில் பெண்டாட்டி துரத்திவிட்டிருப்பாளாம். சாயங்காலம் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைக் காருக்கு வெளியே உட்கார்ந்து துன்னோம். இருட்டுவதற்கு முன்னாலேயே அவர் படுத்துவிட்டார். அந்தக் குறட்டையோடு என்ன பேசுவது?

விடிந்ததும் சின்ன அடுப்பில் டீ போட்டேன். அணையில் தண்ணீர் பாதிக்கு இருந்தது. தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"நைனா, அன்னிக்கு வண்டி இன்னா ஆச்சு?"

"என்னிக்கு?"

"உனக்குத் தெரியும் என்னிக்குன்னு."

டீயை ஊதினார். எழுந்திருக்கப் பார்த்தார். ஷெட் இல்லை. மறுபடி உட்கார்ந்தார்.

"வண்டி நிக்கல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பதினெட்டு வருஷமாக நான் திட்டிக்கொண்டிருந்தது அந்தக் காரின் எஞ்சினை.

"அஞ்சு மணிக்கு ஷெட்டாண்ட ஆள் வந்தான். பெரிய வூட்லருந்து. பேரனுக்குக் கல்யாணமாம். மாப்பிள்ள பழைய கார்லதான் கோயிலுக்குப் போவணும்னு பெரியவருக்கு ஆசையாம். ஆறரைக்கு முகூர்த்தம். கோயில்ல எறக்கி வுட்டுட்டு ஏழு மணிக்கெல்லாம் வந்துடலாம்னுதான் போனேன். சத்தியமா அப்டித்தான் நெனச்சிக்கினு போனேன்."

"அப்பறம்?"

"தாலி கட்னதும் வூட்டுக்கும் நீயே இட்டாந்து வுடுன்னாங்க. வூட்டாண்ட எறக்கி வுட்டுட்டு வண்டியத் திருப்பிகினு இருக்கேன். பெரியவரு வந்தாரு. என் கையப் புடிச்சாரு. முன்வாசல் வழியா உள்ள இட்டுகினு போனாரு. மொத பந்தில, அவருக்கு நாலாவது எலையில குந்த வெச்சாரு." தம்ளரைக் கீழே வைத்தார். "எங்க நைனாக்கு மாட்டுக்கொட்டாயில எலை போட்ட வூடும்மா அது."

"துன்னுட்டு எழுந்து வரவேண்டியதுதான?"

"பெரியவரு எழாம பந்தில எவன் எழுவான்? அவரு மெதுவாத் துன்றாரு. ஒவ்வொருத்தரையா கூப்ட்டு, இவன் நம்ம ஆளு மகன், இவன்கிட்டதான் நம்ம காரு கீதுன்னு சொல்லிகினே துன்றாரு. மோர் வர்றதுக்கே ஒம்பது ஆயிப்போச்சு. அப்பறம் பொண்ணு மாப்பிள்ளையப் பொண்ணு வூட்ல கொண்டும்போய் வுடுன்னாரு. அது புத்தூர்ல. மணி பாத்தேன். எப்டியும் சீட்டு போச்சின்னு தெரிஞ்சிபோச்சி. சரின்னு போனேன்."

"கிரீஸு?"

"நானே பூசிகினேன்."

நண்பர்களே, உங்கள் ரத்னம் அண்ணா பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று மூன்று பேர் என்னிடம் சொன்னீர்கள். பொய் சொல்ல அவருக்கு நன்றாகத் தெரியும். கைக்குக் கிரீஸ் பூசிக்கொள்ளும் அளவுக்குத் தெரியும்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. மாந்தோப்புக் காவல்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு வேளைச் சோற்றுக்கு என்னை விற்றுவிட்டாய் என்று சொன்னேன். அது நியாயமில்லை, சோற்றுக்காக இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவருக்குக் கிடைத்த இலை என்னவென்று எனக்குப் புரியத்தான் செய்தது. புரிந்தது என்பதாலேயே கோபம் இரட்டிப்பாகியது. அந்த வீட்டு முன்வாசலில் நான் இன்ஜினியராகப் போய் நின்றிருப்பேனே! அவர் கொஞ்சம் பொறுத்திருந்தால் அதைப் பார்த்திருக்கலாமே! அதையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டார். தப்பு என்று மட்டும் சொல்லவில்லை.

அப்படியே விட்டுவிட்டு நடந்து போய் பஸ் ஏறினேன். ஆமாம், அறுபத்தொன்பது வயது ஆளை மாந்தோப்பில் கூடாரத்தோடு விட்டுவிட்டுத்தான் போனேன். கூடாரத்தை மடிக்கத் தெரியாமல், கம்பியோடு துணியோடு பின்சீட்டில் திணித்துக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தாராம். சீட்டில் கம்பி கிழித்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அம்மா ஆச்சரியப்பட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தடாவில் வேலைக்காக நான் தங்கியிருக்கும் அறையில் இருந்தபோது போன் வந்தது. போன் செய்யும் பழக்கமே இல்லாத மனுஷன்.

"இன்னிக்குத் திட்டலியா?" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அதனால் பத்து நிமிஷம் நிறுத்தாமல் திட்டினேன். அவர் "உம்" கொட்டினார். முடித்ததும், "சரி, துன்னுட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொரு வாரமும் புதிதாக ஏதாவது நினைவுக்கு வரும்: பின்சீட்டுத் துண்டு, டிவிக்காரர், கடப்பா. எல்லாவற்றுக்கும் "உம்". ஒருமுறை திட்டுவதற்கு விஷயம் தீர்ந்துபோய் சும்மா இருந்தேன். "யோசி, இன்னும் இருக்கும்" என்றார். பதினெட்டு வருஷத்தில் பேசாததை நாலு மாதத்தில் பேசினோம். கடைசி ஞாயிறு எனக்கு ஓவர்டைம். போன் லாக்கரில் இருந்தது. மூன்று தவறிய அழைப்புகள். களைப்பாக இருந்தது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.

பதினோராம் நாள் நீங்கள் யாரும் இல்லாத நேரத்தில் ஒருவர் வந்தார். நாற்பது தாண்டியிருக்கும். வெள்ளைச் சட்டை. பெரிய வீட்டுப் பேரன், அன்றைய மாப்பிள்ளை. யாரென்று அவர் சொன்னதும் உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாதான் நாற்காலி போட்டாள்.

"உங்க கல்யாணத்துக்கு அன்னிக்கு வேற கார் கெடைக்கலியா?" என்று கேட்டேன். அம்மா என் கையை அழுத்தினாள்.

அவர் கோபப்படவில்லை. "போயின நெல மீ நாயன மா இண்டிகி ஒச்சாரம்மா" என்றார். போன மாதம் நைனா அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். பெரியவர் இறந்து பல வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்குப் பிறகு நைனா அங்கே போனது அதுதான் முதல் தடவை. காரில் போகவில்லை, பஸ்ஸில் போயிருக்கிறார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வரவில்லை என்று சொல்லி முன்வாசல் படியிலேயே நின்றிருக்கிறார். நின்றபடியே பேரனிடம் சொல்லியிருக்கிறார்: அன்றைக்கு உங்கள் கல்யாணத்துக்கு வந்திருக்கக் கூடாது. வீட்டில் என் பெண் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உங்கள் தாத்தாவோடு பந்தியில் உட்கார ஆசைப்பட்டு அவள் சீட்டை விட்டுவிட்டேன். உங்கள் வீட்டுச் சோற்றை அன்றைக்குத் துன்னது பெருமை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"'தப்பு நாதே' அன்னாரம்மா, தப்பு என்னுதுன்னாரு" என்றார் பேரன். "என்கிட்ட ஏன் சொல்றீங்க, உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்கன்னேன். 'சொன்னா அவ திட்றத நிறுத்திடுவா'ன்னாரு."

நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். செய்தி வந்த நாளிலிருந்து வராத அழுகை அங்கேதான் வந்தது.

எனக்குச் சேர வேண்டிய வார்த்தையை அந்த வீட்டுப் படியில் போய்ச் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்வது அவருக்குச் சுலபம். அங்கே சொல்வதுதான் கஷ்டம். கஷ்டமானதைச் செய்துவிட்டு சுலபமானதைச் செய்யாமல் போனார். இதற்கும் அவரை நான் மன்னிக்கவில்லை.

நைனாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று கேட்டிருந்தீர்கள். காரைத்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும். அது ஷெட்டில் இருக்கிறது, அம்மா சொல்கிறபடி நடக்கும். நான் வைத்துக்கொள்வது மூன்றாம் மனிதர் வாய்வழியாக வந்து சேர்ந்த அந்த ஒரு வார்த்தையை. அதோடு என் கோபத்தையும். அவர் இவ்வளவு பாடுபட்டு நிறுத்தாமல் பார்த்துக்கொண்ட கோபம் அது.

இதை உங்கள் மலருக்காக எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.